லுஹான்ஸ்க்குக்கு எட்டு எழுத்து

பிரேமலா தன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கூடைப்பந்தைக் கையில் எடுத்ததில்லை. அவர் படித்த பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு நெட்பால்தான். ஆனால் உக்ரைன் நாட்டுக் கூடைப்பந்துக் குழு ஒன்றின் பதினைந்து வருட வரலாற்றைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொல்லக்கூடிய ஒரே பெண் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அவராகத்தான் இருக்க வேண்டும். அந்தக் குழுவின் ஜெர்சிகளைப் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை தைத்துக் கொடுத்தது. அவற்றைச் சரிபார்த்து அனுப்பியவர் பிரேமலா. ஒரு வருடம் அந்த ஜெர்சியில் பிழை விழுந்தது. பிழையைக் கண்டுபிடித்து, வேலையை நிறுத்தச் சொன்னவரும் பிரேமலாதான். கடைசியில் அந்தப் பிழையைக் கொண்டுபோய் அவர் தலையிலேயே கட்டினார்கள்.

பிரேமலாவின் அப்பா கமலநாதன் சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். பிரேமலா பள்ளியில் படிவம் ஐந்து வரை முடித்து, இரண்டு வருடம் தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆயாவாக இருந்துவிட்டு, பத்தொன்பதாவது வயதில் பத்து பாகாட்டுக்கு வேலை தேடி வந்தார். விளையாட்டு உடை தைக்கும் தொழிற்சாலையில் கழுத்துப் பட்டி தைக்கும் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒன்பது வருடம் கழுத்துப் பட்டி. பிறகு சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். அதை எல்லோரும் கியூசி மேசை என்பார்கள். ஒவ்வோர் ஆர்டரிலும் முதலில் தைத்து வரும் சட்டை அந்த மேசைக்குத்தான் வரும். பிரேமலா பார்த்துச் சரி என்றால்தான் மற்றவை ஓடும்.

2009-இல் அந்த உக்ரைன் ஆர்டர் முதல்முறையாக வந்தது. குழுவின் பெயர் ஸ்தெப். அவர்கள் மொழியில் பரந்த புல்வெளி என்று அர்த்தம். லுஹான்ஸ்க் என்ற ஊரில், ரயில் எஞ்சின் செய்யும் ஆலைத் தொழிலாளிகள் 1993-இல் வேலை முடிந்து ஆடுவதற்காகத் தொடங்கிய குழு. பிறகு ஒரு நிலக்கரி வியாபாரி அதை எடுத்து நடத்தி, சம்பளம் வாங்கி ஆடும் குழுவாக மாற்றியிருந்தார். கரும்பச்சைச் சட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளை எழுத்தில் ஊர்ப் பெயர்.

அந்த முதல் ஆர்டரின் மாதிரிச் சட்டையைப் படம் எடுத்து அனுப்பியபோது, குழுவின் உடைகளுக்குப் பொறுப்பாக இருந்த ஹலினா என்ற பெண் அதைத் திருப்பி அனுப்பினாள். ஊர்ப் பெயரில் ஓரிடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். அங்கே ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. ஆங்கிலச் சின்ன பி போல இருக்கும் எழுத்து. கடைசி எழுத்துக்கு முன்னால் வர வேண்டும்.

அப்போது அலுவலகத்தில் இருந்த ஒரு சீனப் பெண், ஹலினா எழுதிய விளக்கத்தைப் பிரேமலாவுக்கு மலாயில் சொன்னாள். அந்த எழுத்துக்குத் தனியாகச் சத்தம் கிடையாது. முன்னால் இருக்கும் எழுத்தை மென்மையாக்கும், அவ்வளவுதான். உக்ரைன் மொழியில் எழுதினால் அது வரும். ரஷ்ய மொழியில் எழுதினால் வராது.

"நம்ம எழுத்துல புள்ளி வைக்கிற மாதிரி," என்றார் பிரேமலா. "புள்ளிய எடுத்துட்டா வேற எழுத்தால்ல போயிடும்?"

அன்றிலிருந்து ஸ்தெப் சட்டை வந்தால் பிரேமலா செய்யும் முதல் வேலை, ஊர்ப் பெயரில் விரலை வைத்து எண்ணுவது. எட்டு எழுத்து இருக்க வேண்டும். அதில் ஏழாவது சின்ன பி.

வருடத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட் மாதத்தில் ஆர்டர் வரும். குழுவுக்கு என்ன ஆனாலும் சட்டையில் தெரியும். 2012-இல் தோளில் ஒரு நட்சத்திரம் சேர்ந்தது. கோப்பை ஒன்றை வென்றிருந்தார்கள். 2014-இல் நிலக்கரி வியாபாரியின் நிறுவன முத்திரை காணாமல் போனது. அந்த வருடம் லுஹான்ஸ்க்கில் சண்டை மூண்டு, ஊர் ரஷ்ய ஆதரவுப் படைகளின் கைக்குப் போனது. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் ஹலினாவும் இரண்டு பேருந்துகளில் ஊரைவிட்டு வெளியேறி, கார்கிவ் நகரத்தில் ஒரு வாடகை அரங்கத்தில் ஆடத் தொடங்கினார்கள். சட்டையில் கார்கிவ் என்று மாற்ற வேண்டுமா என்று அலுவலகம் கேட்டு எழுதியது. வேண்டாம், அதே பெயர்தான் என்று ஹலினா ஒரே வரியில் பதில் போட்டாள்.

2022-இல் ஆர்டரே வரவில்லை. கார்கிவ் மீது குண்டு விழுவதைப் பிரேமலா செய்தியில் பார்த்தார். ஆகஸ்ட் முடிந்தது, செப்டம்பர் முடிந்தது. "அந்தப் பச்சைச் சட்டை வரலையே," என்று அலுவலகத்தில் இரண்டு முறை கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் வந்தது. இந்த முறை நாட்டின் மேற்கே தெர்னோபில் என்ற ஊரிலிருந்து. பாதி ஆட்டக்காரர்கள் ராணுவத்தில். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு குழுவை மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். எண்களின் பட்டியலில் பத்துக்குப் பிறகு பன்னிரண்டு இருந்தது. விட்டுப் போயிற்றோ என்று பிரேமலா கேட்கச் சொன்னார். பதினொன்று இனிமேல் தைக்க வேண்டாம் என்று பதில் வந்தது. அது அவர்களுடைய தலைவனின் எண். ராணுவத்தில் சேர்ந்து ஐந்தாவது மாதம் இறந்துவிட்டான். பிரேமலா அவனுக்குப் பன்னிரண்டு சட்டை பார்த்து அனுப்பியிருக்கிறார். தோள் அகலம் இரண்டு அங்குலம் கூட வைக்க வேண்டும் அவனுக்கு.

"அன்னிக்கு எனக்குச் சாப்பாடு எறங்கல," என்றார் என்னிடம். "பார்த்ததே இல்லாத பையன். ஆனா அவன் தோள் அகலம் எனக்குத் தெரியும்லா."

அதற்கு அடுத்த வருடம்தான் ரூபேந்திரன் வந்தார்.

ரூபேந்திரன் முப்பத்தைந்து வயதுக்காரர். ஜொகூர் பாருவில் வளர்ந்து, சிங்கப்பூரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மேலாளராகச் சேர்ந்தார். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் அதிகாரியாக இருந்த குடும்பம். அதை அவர் முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரியும்படி செய்துவிட்டார். வேலை ஆக வேண்டுமென்றால் தமிழில் "அக்கா" என்பார். ஆகாத நேரத்தில் ஆங்கிலம் வந்துவிடும்.

ஆகஸ்டில் ஸ்தெப் ஆர்டர் வந்தது. ஆட்டக்காரர்களுக்கு அறுபது சட்டை, ரசிகர்களுக்கு விற்க முந்நூறு. பழைய கணினிப் படம் மங்கலாக இருக்கிறது என்று ரூபேந்திரன் ஊர்ப் பெயரைப் புதிதாகத் தட்டச்சு செய்து, புதுப் படம் தயாரித்தார். அதை ஹலினாவுக்கு அனுப்பிக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். நேரமில்லை என்று அதைச் செய்யவில்லை.

முதல் சட்டை மேசைக்கு வந்தது. பிரேமலா விரலை வைத்து எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். ஏழுதான். சின்ன பி இல்லை.

நிறுத்தும் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. மூன்று நிறத்தில் மூன்று தாள், மேலே எழுதினால் மற்ற இரண்டிலும் பதியும். வெள்ளை அலுவலகத்துக்கு, மஞ்சள் அச்சுப் பகுதிக்கு, இளஞ்சிவப்பு கியூசி கோப்புக்கு. அதில் 'ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து இல்லை' என்று மலாயில் எழுதிக்கொண்டு, சட்டையோடு மாடியில் இருந்த அலுவலகத்துக்கு ஏறினார் பிரேமலா.

"சார், இதுல ஒரு எழுத்து காணோம்."

ரூபேந்திரன் சட்டையைப் பார்க்காமலே, "என்னா எழுத்துக்கா?" என்றார்.

"சின்ன பி மாதிரி ஒன்னு வரும். கடைசிக்கு முன்னாடி. எட்டு இருக்கணும், ஏழுதான் இருக்கு."

"நான் நெட்டுல பார்த்துத்தான் அடிச்சேன். இதான் கரெக்ட்."

"போன வருஷச் சட்டையப் பாருங்க சார். சாம்பிள் அலமாரியில இருக்கு."

"அது தப்பா இருந்திருக்கும்."

"பதினஞ்சு வருஷமாவா?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் வேலையை விட்டுக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"அக்கா, உங்களுக்கு ரஷ்யன் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா இது ரஷ்யன் இல்லையே. அதத்தானே சொல்ல வந்தேன்."

பக்கத்து மேசையில் ஒருத்தி சிரித்துவிட்டாள். ரூபேந்திரனின் முகம் இறுகியது. வெள்ளிக்கிழமை சரக்கு ஏற வேண்டும், லைனை ஓட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிரேமலா சீட்டை அவர் முன்னால் நீட்டினார். அப்படியானால் இதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். நிறுத்தச் சொன்ன வேலையை மறுபடி ஓட்டுவதற்கு மேலாளர் கையெழுத்து வேண்டும். அது தொழிற்சாலையின் விதி. அவர் 'ஓட்டலாம்' என்று ஆங்கிலத்தில் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டு, வெள்ளைத் தாளை உருவிக்கொண்டு மற்றதைத் தள்ளினார்.

முந்நூற்று அறுபது சட்டைகளும் ஏழு எழுத்தோடு கப்பலேறின.

செப்டம்பர் கடைசியில் ஸ்தெப் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு இறங்கியது. பிரேமலா முகநூலில் அந்தக் குழுவின் பக்கத்தைப் பின்தொடர்ந்து வந்தார். காலையில் தேநீர் நேரத்தில் கைப்பேசியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆட்டக்காரர்கள் எல்லோரும் நெஞ்சில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு ஆடியிருந்தார்கள். ஊர்ப் பெயரே தெரியவில்லை. இன்னொரு படத்தில், வயதான ஒரு பெண் புதுச் சட்டையைக் கழற்றி அரங்கத்தின் வாசலில் தரையில் போட்டிருந்தாள். லுஹான்ஸ்க்கிலிருந்து ஓடி வந்தவள் என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருப்பவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எங்களுக்குச் சட்டை தைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று குழு அறிக்கை விட்டிருந்தது. கைப்பேசி அதை மலாயில் மொழிபெயர்த்துக் காட்டியது.

பிரேமலாவுக்கு அழுகை வந்தது. அன்று வந்தது வருத்தம் மட்டும்தான் என்கிறார். கோபம் இரண்டு நாள் கழித்து வந்தது.

இரண்டு நாள் கழித்து, தொழிற்சாலை அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தைக் குழு தன் பக்கத்தில் போட்டது. ரூபேந்திரன் கையெழுத்திட்ட கடிதம். 'எங்கள் தரப் பரிசோதனை ஊழியர் பிரேமலா கமலநாதன் என்பவரின் கவனக்குறைவால் இந்தப் பிழை நேர்ந்தது. அவர் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது.'

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரேமலாவின் அடையாள அட்டையில் அப்பா பெயர் சரியாக இருக்கிறது. அண்ணன் மனோகரனின் அட்டையில் அதே பெயரில் ஓர் எழுத்து மாறிப்போயிருக்கிறது. பிறப்பைப் பதிந்த குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருந்தார். அப்பா மருத்துவமனையில் கடைசியாகக் கிடந்தபோது, மனோகரன் அவருடைய மகன்தான் என்று நிரூபிக்கச் சொல்லி ஒரு மத்தியானம் முழுக்க முகப்பிடத்தில் நிற்க வைத்தார்கள். உள்ளே போனபோது அப்பாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. ஓர் எழுத்து என்ன செய்யும் என்று யாரும் பிரேமலாவுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவரைத்தான் கவனக்குறைவு என்றார்கள். ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதத் தெரிந்த அலுவலகம், பழி போடும்போது மட்டும் பிரேமலாவின் பெயரையும் அவர் அப்பாவின் பெயரையும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துப் பேசுவார்கள். அன்று மைக்கை ரூபேந்திரன் வாங்கினார். மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசினார். ஒரே ஓர் ஆளின் அலட்சியத்தால் நம் எல்லோர் பெயரும் கெட்டுப்போனது என்றார். பெயரைச் சொன்னார். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள்.

"போட மாட்டேன்," என்றார் பிரேமலா.

"சும்மா ஃபார்மாலிட்டிக்கா. வாங்கிக்கிட்டீங்கன்னு மட்டும்தான்," என்றார் ரூபேந்திரன். கதவை மூடிவிட்டுத் தமிழுக்கு வந்திருந்தார்.

"நான் சீட்டு எழுதிக் குடுத்தேன். நீங்க ஓட்டச் சொன்னீங்க. கையெழுத்தும் போட்டீங்க."

"எந்தச் சீட்டு?"

பிரேமலா படியிறங்கி ஓடி, தன் மேசைக்கடியில் இருந்த கோப்பை எடுத்தார். இளஞ்சிவப்புத் தாள்கள் மாத வாரியாகக் கட்டியிருக்கும். ஜூலை இருந்தது. செப்டம்பர் இருந்தது. ஆகஸ்டைக் காணவில்லை.

அடுத்த நாளே அவரை மேசையிலிருந்து எடுத்து, நூல் பிசிறு வெட்டும் இடத்துக்கு அனுப்பினார்கள். புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுக்கும் வேலை. நாற்பத்தாறு வயதில், இருபத்தேழு வருடம் வேலை பார்த்த இடத்தில், நாள் முழுக்கச் சின்னக் கத்தரியோடு நின்றார். சிலர் வந்து அனுதாபம் சொன்னார்கள். சிலர் கண்ணைப் பார்க்காமல் போனார்கள். இரண்டுமே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் கணவர் கனகராஜ் வேறு ஒரு தொழிற்சாலையின் பேருந்து ஓட்டுகிறவர். சண்டை சச்சரவுக்குப் போகாத மனிதர்.

"விடும்மா. சம்பளத்துல கை வைக்கலையே. வேலையும் போகல. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

"யாரு மறப்பா? அங்க அந்த ஊர்க்காரங்க மறப்பாங்களா? ஊரே இல்லாம நிக்கிறவங்க. அவங்க ஊரு பேரை நான் அழிச்சேன்னு எழுதி வச்சிருக்கான்."

"அவங்க யாரு, நாம யாரு. எங்கயோ இருக்காங்க."

"எங்கயோ இருந்தா என் பேரைக் கெடுக்கலாமா? உங்களத் திருடன்னு உக்ரைன்ல போய்ச் சொல்லிட்டு வந்தா சும்மா இருப்பீங்களா?"

கனகராஜ் மறுநாள் தன் விடுப்பைப் போட்டு, அவரைத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்.

அங்கே இருந்த மலாய் அதிகாரிப் பெண் பொறுமையாகக் கேட்டார். வேலைநீக்கமா? இல்லை. சம்பளப் பிடித்தமா? இல்லை. விடுமுறை மறுப்பா? இல்லை. புகார்ப் பாரத்தில் இருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்தன.

"அப்படியானால் எதைப் பற்றிப் புகார்?"

"என் பெயரைப் பற்றி, புவான்."

அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை. அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். பதவியை இறக்கியதைக் காரணமாக வைத்து, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேச ஏற்பாடு செய்கிறேன் என்றார். ஆனால் கையில் ஏதாவது எழுத்து வேண்டும், வெறும் வாய்வார்த்தை போதாது.

வெள்ளைத் தாள் ரூபேந்திரனிடம். இளஞ்சிவப்பு காணோம். மீதம் மஞ்சள். அது அச்சுப் பகுதியில் செல்வராணியிடம் இருக்க வேண்டும். செல்வராணி அச்சுப் பகுதியின் பொறுப்பாளர், கணவரை இழந்தவர். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேலை. பிரேமலாவோடு பதினெட்டு வருடம் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்.

"தேடிப் பார்த்தேன்டி. கிடைக்கல," என்றார் செல்வராணி. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நிமிரவில்லை.

"நீ எதையும் தூக்கிப் போட மாட்ட. எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் வேலை வேணும்லா, பிரேமா."

பிரேமலா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார். ரூபேந்திரன் செய்ததைவிட இது அதிகம் வலித்தது என்கிறார். அதே நேரத்தில் செல்வராணி மீது கோபப்படவும் முடியவில்லை. பயத்தை வைத்து ஆளை வாயடைக்கும் இடமாக அதை ஆக்கியவர்கள் மாடியில் ஏசி குளிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மாலை பிரேமலா ஹலினாவுக்கே எழுதினார். மலாயில் தட்டி, கைப்பேசியை விட்டு உக்ரைன் மொழியாக மாற்றி, குழுவின் பக்கத்துக்கு அனுப்பினார். நீளமாக ஒன்றும் இல்லை. 'நான் பிரேமலா. 2009-இல் நீங்கள் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியதிலிருந்து உங்கள் ஊர்ப் பெயரை எண்ணித்தான் அனுப்புகிறேன். இந்த முறையும் எண்ணினேன். நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. உங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லுங்கள்.'

மூன்று நாள் பதில் இல்லை.

நான்காவது நாள், காலைத் தேநீர் நேரத்தில், செல்வராணி நூல் வெட்டும் இடத்துக்கு வந்தார். எல்லோரும் பார்க்க வந்தார். பிரேமலாவின் கையில் மடித்த மஞ்சள் தாளைக் கொடுத்தார்.

"ரெண்டு நாளா சோறு எறங்கல. எடுத்துக்க. என்னா ஆனாலும் ஆகட்டும்."

தேதி, ஆர்டர் எண், பிரேமலாவின் கையெழுத்து, அதன் கீழே 'ஓட்டலாம்', ரூபேந்திரனின் கையெழுத்து. எல்லாம் தெளிவாக இருந்தது. பிரேமலா முதலில் அதைப் படம் எடுத்தார். படத்தை ஹலினாவுக்கு அனுப்பினார். அதன்பிறகுதான் அழுதார்.

அந்த வாரமே ஹலினாவின் பதில் வந்தது. அவர்களுடைய ஊரில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததாம், அதனால்தான் தாமதம். குழு அந்தப் பழைய மன்னிப்புக் கடிதத்தை எடுத்துவிட்டு, மஞ்சள் சீட்டின் படத்தைப் போட்டிருந்தது. மேலே இரண்டு வரி: 'நாங்கள் தவறான ஆளின் பெயரைப் பரப்பிவிட்டோம். இந்தப் பெண் எங்கள் ஊரின் எழுத்துகளைப் பதினைந்து வருடமாக எண்ணி வந்திருக்கிறார்.' தொழிற்சாலைக்குத் தனியாக ஒரு கடிதமும் போனது. இந்த விஷயம் சரியாகாமல் அடுத்த ஆர்டர் இல்லை.

அதுவரை பிரேமலாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காத தவுக்கே, கடிதம் வந்த மறுநாளே அறைக்குக் கூப்பிட்டார். தவுக்கே என்றால் முதலாளி. அறுபது வயதுச் சீனர். அவர் அப்பா காலத்திலிருந்தே தொழிற்சாலை அவர்களுடையது. ரூபேந்திரனும் அங்கே உட்கார்ந்திருந்தார். தொழிலாளர் அலுவலக அதிகாரியும் வந்திருந்தார்.

பிரேமலா மஞ்சள் தாளை மேசையில் வைத்தார்.

"இது வேற ஆர்டர்னு நினைச்சு..." என்று ஆரம்பித்தார் ரூபேந்திரன்.

"ஆர்டர் நம்பர் எழுதியிருக்கு சார். சத்தமா படிங்க," என்றார் பிரேமலா.

அவர் படிக்கவில்லை. அதிகாரிப் பெண் எடுத்துப் படித்தார். தவுக்கே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள், சூடாலா, விட்டுவிடு, போனது போகட்டும், நீ நாளையிலிருந்து உன் மேசைக்குப் போ, எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று மலாயில் சொன்னார். பிரேமலா எழுந்திருக்கவில்லை.

ரூபேந்திரன் அவர் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில், "சாரிக்கா. நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு இது," என்றார்.

"மைக்குல ஏசுனீங்க. காதுல சாரி சொல்றீங்க. இருநூறு பேரு முன்னாடி என் பேரைச் சொன்னீங்கல்ல, அதே மைக்குல சொல்லுங்க. நம்ம ஆளுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? அன்னிக்கு ரஷ்யன் தெரியுமான்னு கேட்டப்ப நான் யாரு ஆளு?"

அதிகாரிப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மைக் என்ற சொல் புரிந்திருந்தது. தொழிலாளி கேட்பது நியாயம்தான் என்று தவுக்கேயிடம் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை காலை மைக்கைப் பிடித்தவர் தவுக்கே. பிரேமலா பிழை செய்யவில்லை, பிழையைத் தடுக்கப் பார்த்தார், அலுவலகம் கேட்கவில்லை என்று மூன்று வாக்கியம் சொன்னார். அதோடு பாதுகாப்புக் காலணியைப் பற்றிப் பேசப் போய்விட்டார். ரூபேந்திரன் அன்று வெளியூர் வேலை என்று போயிருந்தார். வரிசையில் நின்றவர்களில் முதலில் கைதட்டியது செல்வராணி. பிறகு பின்னால் நின்ற நேபாளத்துப் பையன்களும் கைதட்டினார்கள்.

சட்டைகளை மறுபடி தைத்தார்கள். முதல் சட்டை பிரேமலாவின் மேசைக்கு வந்தது. பார்த்து, சரி என்று எழுதி, அனுப்பிவைத்தார். நவம்பரில் ஸ்தெப் கறுப்பு டேப் இல்லாமல் ஆடியது. ஆட்டத்தில் தோற்றுப்போனார்கள், பதினேழு புள்ளி வித்தியாசம்.

செல்வராணியின் ஒப்பந்தத்தை வருடக் கடைசியில் புதுப்பித்தார்கள். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு மாதம் இழுத்தடித்து, அவரைப் படாத பாடு படுத்தினார்கள். ரூபேந்திரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜொகூர் பாரு கிளைக்கு மாற்றி, இன்னும் பெரிய பதவிப் பெயரைக் கொடுத்தார்கள். அங்கேயும் படங்கள் அவர் கையால்தான் அச்சுக்குப் போகின்றன. இதைச் சொல்லும்போது பிரேமலாவின் குரல் இப்போதும் உயர்கிறது. மாதம் ஒருமுறை ரூபேந்திரன் பத்து பாகாட்டுக்கு வருவார். மேசையைத் தாண்டும்போது, "வணக்கம் அக்கா" என்பார். பிரேமலா தலை தூக்குவதில்லை. கையில் இருக்கும் சட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருடம் சீனப் புத்தாண்டு விருந்தில் தவுக்கே எல்லோருக்கும் ஆரஞ்சுப் பழம் கொடுத்துக்கொண்டு வந்தார். பிரேமலாவிடம் வந்ததும் நின்று, சிரித்துக்கொண்டே, இன்னுமா கோபம் என்று கேட்டார்.

"ஆமா தவுக்கே," என்றார் பிரேமலா.

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு பலமாகச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிரேமலா சிரிக்கவில்லை. பழத்தை வாங்கிக்கொண்டு, செல்வராணி உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனார்.